மூட்டைகள் இடம் மாற்றப்பட்டுள்ளன

மூன்றாவது முறையாக இந்த அறைக்கு வருகிறேன். மூன்று முறையும் நீங்கள் அந்த ஜன்னலோர நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை. ஒரு நாற்காலியின் கால் ஆடுகிறது, ஒன்றில் கோப்புகளை அடுக்கியிருக்கிறீர்கள், ஒன்றில் நான் இருக்கிறேன். ஆனால் அந்தக் கோப்புகளை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டால், அந்த நாற்காலி மின்விசிறிக்கு நேர் கீழே வருகிறது. கண்ணில் வெயில் அடிக்காது. ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். இந்த மாதிரி யோசனை சொல்வதுதான் என் தொழில். இதுவரை யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

என் மச்சினன் இறந்தது சம்பந்தமான உங்கள் அறிக்கையின் நகல் கிடைத்தது. நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நீளம், அகலம், உயரம் எல்லாம் சரி. கடைசிப் பத்தியில் ஒரு வார்த்தை மட்டும் தவறு. அதைத் திருத்தச் சொல்லத்தான் வந்தேன். எந்த வார்த்தை என்று உடனே சொன்னால் உங்களுக்குப் புரியாது. முதலில் என் வேலை என்னவென்று தெரிய வேண்டும்.

நான் மேப் செய்கிறவன். பலர் அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடி, போனில் ஒருவரை ஒருவர் சுட்டு விளையாடுகிற கேம் இருக்கிறதல்லவா, அதில் சண்டை நடக்கிற இடத்துக்கு மேப் என்று பெயர். துப்பாக்கியை ஒருவர் செய்வார். ஓடுகிற ஆளை இன்னொருவர் செய்வார். அந்த ஆள் ஓட ஒரு தரையும், ஒளிந்துகொள்ள ஒரு சுவரும் வேண்டும். அது என் பொறுப்பு. எங்கள் கேமில் மொத்தம் ஒன்பது மேப். எட்டு நான் செய்தவை. மக்கள் விளையாடுவது ஒன்பதாவதை. அது கிடைக்காத நேரத்தில், வேண்டாவெறுப்பாக, என்னுடைய எட்டில் உப்பளம் என்ற ஒன்றை. அதுவும் அது சின்னதாக இருப்பதால் சீக்கிரம் முடிந்துவிடும் என்பதற்காக.

என் எட்டில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன், பயப்படாதீர்கள். கலங்கரை என்று பெயர். ஒரு பாறைத் தீவு, நடுவில் கலங்கரை விளக்கம். விளக்கு சுற்றிக்கொண்டே இருக்கும். வெளிச்சத்தில் நிற்பவன் எல்லோர் கண்ணிலும் படுவான். அது நகர்ந்ததும் மறைந்துவிடுவான். ஆட்டம் போகப் போகக் கடல் ஏறும். ஆரம்பத்தில் ஓடிய பாதை கடைசியில் தண்ணீருக்கு அடியில் போய்விடும். அதாவது, அங்கே கொஞ்சம் யோசித்து விளையாட வேண்டும். என் தவறு அங்கேதான் ஆரம்பம். இரண்டு வருடம் அதற்கு ஆனது. அலை திரும்பிப் போகும்போது கூழாங்கற்கள் உருளும் சத்தம் சரியாக வர வேண்டும் என்று, விடுமுறை நாட்களிலெல்லாம் ஒலிப்பதிவுக் கருவியோடு கடற்கரையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு முறை என் மனைவியும் கூட வந்தாள். "கல்லு சத்தம் கேக்கவா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தீங்க" என்று கேட்டுவிட்டு காரில் போய்த் தூங்கிவிட்டாள்.

கலங்கரை வெளிவந்த அன்று முதல் கருத்து வந்தது. "தண்ணி வருது. ஷூ நனையுது. கிடங்கு போடுங்க."

கிடங்குதான் அந்த ஒன்பதாவது. அது பிறந்த கதை எளிமையானது. என் மனைவியின் தம்பி படிப்பை முடித்துவிட்டு வீட்டில் சோபாவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "உங்க ஆபீஸ்ல ஒரு மூலையில உக்கார வைங்களேன்" என்றாள். மூலையில் உட்கார வைத்தேன். நான் எதையும் சொன்னபடி செய்கிறவன். அந்த மூலையில் ஒரு ஜன்னல் இருந்ததை மட்டும் யோசிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, எங்கள் கட்டிடத்துக்குப் பின்னால், பழைய சரக்குக் கிடங்கு ஒன்று, கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். புதுத் துப்பாக்கிகளைச் சோதிக்க ஒரு தற்காலிக இடம் தேவைப்பட்டது. நாலு சுவர் இருந்தால் போதும், வாரக் கடைசிக்குள் கொடு என்றேன். அவன் ஜன்னல் வழியே என்ன தெரிந்ததோ அதை அப்படியே வரைந்தான். இரண்டு கதவு, ஒரு வரிசை நீல டிரம், ஒரு இரும்பு ஏணி, சரக்கு இறக்குவதற்காக ஒரு பக்கம் கைப்பிடி இல்லாமல் விட்ட மேல்தளம், கீழே ஒரு குவியல் மூட்டை.

"மாமா, நாலு சுவர் கேட்டீங்க. கூரையையும் சேர்த்துப் போட்டிருக்கேன், ஃப்ரீயா வச்சுக்கோங்க" என்றான்.

கேம் வெளியாவதற்கு முன் அந்தச் சோதனை மேப்பை எடுத்துவிட வேண்டும். எடுக்க வேண்டியவன் நான். அந்த வாரம் நான் கூழாங்கற்களோடு இருந்தேன். அதனால் அதுவும் சேர்ந்து வெளியே போய்விட்டது. பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். உங்கள் வாசலில் நிற்கிற காவலரும் அறிவார். போன முறை வந்தபோது அவர் போனில் நீல டிரம்மைப் பார்த்தேன்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் மூன்று மேப் திரையில் வரும். விளையாடப்போகிறவர்கள் ஓட்டுப் போட வேண்டும். அதிக ஓட்டு விழுந்தது வெல்லும். ஜனநாயகம் என்று முதலாளி பெருமையாகச் சொல்வார். மூன்றில் கிடங்கு இருந்தால் கிடங்கு வெல்லும். இல்லாவிட்டால் ஆட்கள் எழுந்து வெளியே போய்விடுவார்கள். கிடங்கு வரும்வரை மறுபடி மறுபடி நுழைந்து பார்ப்பார்கள். தொடர்ந்து ஆயிரம் தடவை ஒரே கதவைத் திறந்து, ஒரே டிரம்மின் பின்னால் குனிந்து, ஒரே மூலையில் செத்துப்போவதில் மனிதனுக்கு என்ன சுகம் என்று ரொம்ப நாள் யோசித்தேன். கடைசியில் புரிந்தது. புது இடத்தில் தோற்றால் நமக்கு விளையாடத் தெரியவில்லை என்று ஆகிவிடும். பழகிய இடத்தில் தோற்றால் இன்றைக்கு நாள் சரியில்லை, அவ்வளவுதான்.

நான் சும்மா இருக்கவில்லை. பராமரிப்பு என்று சொல்லி ஒரு வாரம் கிடங்கை மூடி வைத்தேன். ஆட்கள் அரட்டைப் பெட்டியில் கூடிவிட்டார்கள்.

"அண்ணே, கிடங்கு எங்க?"

"பூட்டிட்டாங்களாம்."

"சாவி எவன்கிட்ட இருக்கு? வீட்டு அட்ரஸ் மட்டும் குடுங்க, நாங்க பேசிக்கறோம்."

முதலாளி என்னைக் கூப்பிட்டு, ரொம்பத் தணிவாக, "சார், கலை எல்லாம் நம்ம வீட்ல வச்சுக்குவோம்" என்றார். கிடங்கைத் திறந்தேன். அடுத்ததாக, கலங்கரையில் விளையாடினால் இரட்டைப் புள்ளி என்று அறிவித்தேன். கூட்டம் வந்தது. வந்தவர்கள் என் விளக்கின் அடியில் வரிசையாக நின்றார்கள். முறை வைத்து ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டு, புள்ளியை வாங்கிக்கொண்டு, கிடங்குக்குத் திரும்பினார்கள். ரேஷன் கடையில்கூட அவ்வளவு ஒழுங்கான வரிசையை நான் பார்த்ததில்லை. "டேய் கடல் வருது, சீக்கிரம் என்னைச் சுடுடா, போகணும்" என்று ஒருவன் அவசரப்படுத்தினான்.

இதற்கிடையில் மச்சினன் வளர்ந்துகொண்டிருந்தான். விளையாடுகிறவர்கள் அவனுக்குக் கிடங்கார் என்று பெயர் வைத்தார்கள். மரியாதையாகத்தான். மேப் பிரிவுக்குத் தலைவனாக ஆனான். நான் லீவு வேண்டுமென்றால் அவனிடம் கேட்க வேண்டும். "மாமாவுக்கு இல்லாத லீவா" என்று ஒவ்வொரு முறையும் நாலு பேர் கேட்கச் சொல்வான். நல்ல பையன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் நான் சொல்வது பொறாமை மாதிரி தோன்றும்.

கிடங்கு மேப்பில் அவன் கண்டுபிடித்த வித்தை ஒன்று உண்டு. முதுகுக் குதி என்று பெயர். ஏணியில் ஏறி மேல்தளத்தின் விளிம்புக்குப் போவது, கதவைப் பார்த்தபடி சுட்டுக்கொண்டே, திரும்பாமல், அப்படியே பின்பக்கமாகக் குதிப்பது. கீழே மூட்டைக் குவியல் இருக்கும். ஒன்றும் ஆகாது. டிரம்களின் பின்னால் விழுவதால் எதிரிக்கு ஆள் மாயமானதுபோல இருக்கும். இன்றைக்குக் குழந்தையிலிருந்து பல் டாக்டர் வரை எல்லோரும் அதைச் செய்கிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மேப்பில் மூட்டை எங்கே போய்விடும்?

கேமின் ஐந்தாவது ஆண்டு விழா வந்தது. முதலாளி இரண்டு முடிவு எடுத்தார். முதலாவது, பின்னால் இருக்கிற நிஜக் கிடங்கையே ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, மேப்பில் இருப்பதுபோல அமைத்து, சிறந்த ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு, ஒளி அடிக்கிற பொம்மைத் துப்பாக்கியோடு நேரில் விளையாட வைப்பது. கிடங்கார் முதுகுக் குதி குதித்து விழாவைத் தொடங்கி வைப்பார். இரண்டாவது முடிவு, விழாவுக்கு மறுநாள் காலை என்னுடைய எட்டு மேப்பையும் கேமிலிருந்து நீக்குவது. "போன்ல எடம் அடைக்குது சார். அந்த எடத்துல மனுஷன் குடும்ப போட்டோவாவது வச்சுக்குவான்."

நான் மச்சினனை மாடிப்படியில் நிறுத்திக் கேட்டேன். என் வாழ்க்கையில் யாரிடமும் எதையும் கேட்டவனில்லை.

"மாப்ள, ஏழு போகட்டும். கலங்கரை மட்டும் இருக்கட்டும். நீ சொன்னா முதலாளி தட்டமாட்டாரு."

"அதுல யாருமே இல்லையே மாமா."

"ஆள் இல்லைன்னு எடுக்கறீங்க. எடுத்துட்டா ஆள் எங்கேர்ந்து வரும்?"

அவன் சிரித்தான். தோளில் கை போட்டான். "மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க. அக்கா என்னைத்தான் திட்டும். ஒண்ணு பண்ணலாம். கலங்கரைய பெரிய போஸ்டரா அடிச்சு கிடங்கு சுவர்ல மாட்டிடறேன். தினம் லட்சம் பேர் பாப்பான். மேப்பா இருந்தப்ப எட்டிப் பாக்காதவன்லாம் பாப்பான் மாமா."

நிஜமாகவே நல்ல எண்ணத்தில் சொன்னான். அன்று மாலையே போஸ்டரை மாட்டிவிட்டான். சொன்னால் செய்கிற குணம் எங்கள் குடும்பத்துக்கே உண்டு. மறுநாள் பார்த்தால், ஆட்டம் ஆரம்பித்ததும் எல்லோரும் முதல் குண்டை அந்த விளக்கைப் பார்த்துச் சுடுகிறார்கள். ராசியாம்.

நிஜக் கிடங்கை மேப் மாதிரி மாற்றும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். "உங்கள விட்டா யாரு மாமா இருக்கா, உங்க கைல அச்சு பிசகாது" என்றான். யோசித்துப் பாருங்கள். ஒரு கட்டிடத்தை அவன் சோம்பேறித்தனமாகப் பார்த்து வரைந்தான். இப்போது அவன் வரைந்ததைப் பார்த்து அந்தக் கட்டிடத்தை நான் திருத்த வேண்டும். அவன் ஒரு ஜன்னலை விட்டுவிட்டிருந்தான். நான் அந்த ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தேன். டிரம்களுக்கு நீலம் அடித்தேன். கலங்கரை போஸ்டரையும் நானே மாட்டினேன். சற்று சாய்வாக இருந்தது, மேப்பிலும் சாய்வுதான். மூட்டைகளுக்குள் பஞ்சும் ரப்பர் துண்டுகளும் அடைத்தோம். கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்குகிற மேஸ்திரிதான் எனக்குத் துணை. அவர் மூட்டையைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "உள்ள விழுந்தா மெத்தை சார். வெளிய விழுந்தா தரை தரைதான்" என்றார். சிமென்ட் தரை.

ஒத்திகை மூன்று நாள் நடந்தது. முதல் நாள் மச்சினன் மேல்தளத்தில் நின்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தான். "மாமா, மூட்டை இருக்கா?" என்று கத்தினான். "இருக்கு மாப்ள" என்றேன். குதித்தான். மூட்டையில் புதைந்து எழுந்து, "அக்காகிட்ட சொல்லாதீங்க, கண்ண மூடிட்டுதான் குதிச்சேன்" என்றான். இரண்டாவது நாள் திரும்பிப் பார்க்கவில்லை, கேட்க மட்டும் செய்தான். மூன்றாவது நாள் கேட்கவும் இல்லை.

அன்றைக்குத்தான் எனக்கு யோசனை வந்தது என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். யோசனை என்பது பெரிய வார்த்தை. ஒரு சந்தேகம். வெகு நாளாக இருந்த சந்தேகம்தான். இத்தனை ஆயிரம் முறை ஓடுகிறார்களே, இவர்கள் அந்த இடத்தைப் பார்க்கிறார்களா? ஒரு பொருளை நகர்த்தி வைத்தால் ஒருவராவது கவனிப்பாரா? எட்டு மேப்பில் நான் செய்ததெல்லாம் யாராவது கவனிப்பார்கள் என்ற நம்பிக்கையில் செய்ததுதான். அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க எனக்கு அதற்குமேல் ஒரு நாள்தான் இருந்தது.

விழாவன்று காலை மேஸ்திரியிடம் மூட்டைகளை மேல்தளத்தைத் தாங்குகிற தூணுக்கு இந்தப் பக்கம் நகர்த்தச் சொன்னேன். கேமராவுக்கு மறைக்கிறது என்றேன். அது பொய்யில்லை, கொஞ்சம் மறைத்தது. அவர் தயங்கினார்.

"குதிக்கறவருக்குத் தெரியுமா சார்?"

"செய்தி போட்டாச்சு மேஸ்திரி."

அதுவும் பொய்யில்லை. எங்கள் அலுவலகக் குழுவில் அன்று காலை நானே செய்தி அனுப்பியிருந்தேன். வண்டியை எங்கே நிறுத்துவது, சாப்பாடு எத்தனை மணிக்கு, கழிப்பறை எந்தப் பக்கம், டிரம்மில் சாய வேண்டாம் பெயின்ட் காயவில்லை, இப்படி ஒரு நீளமான பட்டியல். நடுவில் ஒரு வரி: மூட்டைகள் இடம் மாற்றப்பட்டுள்ளன. கேமில் எதை மாற்றினாலும் நாங்கள் இப்படித்தான் அறிவிப்போம். அதே நடை, அதே எழுத்து. எல்லோரும் பார்த்ததாக டிக் விழுந்தது. மூன்று பேர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். முதல் கட்டைவிரல் மச்சினனுடையது. செய்தி போய்ச் சேர்ந்த மறு நொடி வந்தது. அந்த வேகத்தில் அதைப் படித்து முடிக்கிற மனிதன் உலகத்தில் இல்லை.

இதில் என் தரப்பைக் கொஞ்சம் பாருங்கள். மறைத்தேனா? மூட்டைகள் நடு வழியில் கிடந்தன. வந்திருந்த ஆட்டக்காரர்கள் அந்த மேப்பின் ஆணி எத்தனை என்று சொல்லக்கூடியவர்கள். அவர்களில் ஒருவர் இடம் மாறிய மூட்டையின் மேல் உட்கார்ந்து செருப்பு மாட்டினார். "அப்படியே மேப் மாதிரி இருக்கு சார், ஒரு இன்ச் மாறல" என்று என்னைப் பாராட்டினார். என் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. மச்சினன் ஏணிக்குப் போகும் வழியில் அதே மூட்டை குறுக்கே கிடந்தது. அதில் கையை ஊன்றி, ஒரு தாவு தாவித்தான் போனான்.

ஏணியில் கால் வைக்கும் முன் என்னைத் திரும்பிப் பார்த்தான். வாயைத் திறந்தான். மூட்டை இருக்கா என்று கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். நான் பொய் சொல்கிறவனில்லை.

"மாமா, சட்டை நல்லாருக்கா?" என்றான்.

"நல்லாருக்கு மாப்ள" என்றேன். நல்லாத்தான் இருந்தது.

ஏறினான். கதவைப் பார்த்து நின்று, சிரித்துக்கொண்டே சுட்டான். பின்னால் குதித்தான். டிரம்கள் மறைத்ததால் யாருக்கும் தரை தெரியவில்லை. ஆள் மாயமானான். மேப்பில் எப்படியோ அப்படியே. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், என்னைச் சுற்றித் தட்டும்போது சும்மா நின்றால் நன்றாக இருக்காது. கைதட்டல் ஓய்வதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவன் எழுந்து வந்து வணங்க வேண்டும், அதுதான் நிகழ்ச்சி நிரல்.

தலையின் பின்பக்கம் முதலில் பட்டிருக்கிறது என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. சரிதான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் முறைப்படிதான். அவ்வளவு துக்கத்திலும் மறுநாள் காலை எட்டு மேப்பையும் நீக்க முதலாளி மறக்கவில்லை. கிடங்கு நீக்கமுடியாததாகிவிட்டது. மூட்டைகளைச் சுற்றிப் பூ வைத்து, ஒரு விளக்கு ஏற்றி, இனி இந்த மேப்பில் எந்தக் காலத்திலும் எதையும் மாற்றமாட்டோம் என்று அறிவித்தார்கள். விளையாடுகிறவர்கள் எண்ணிக்கை இரட்டிப்பானது. அவன் உயிரோடு இருந்திருந்தால் ஒரு நாள் அவனுக்கே சலித்துப்போய் எதையாவது மாற்றியிருப்பான். இப்போது அதற்கும் வழியில்லை.

என் மனைவி அதுவரை எந்த கேமும் தொட்டதில்லை. காரியமெல்லாம் முடிந்து வந்தவர்கள் கிளம்பிப் போன பிறகு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தன் போனை நீட்டினாள்.

"என்னங்க, அவன் எடத்துக்கு எப்படிப் போறதுன்னு கத்துக்குடுங்க."

கற்றுக்கொடுத்தேன். கதவு, டிரம், இடது பக்கம், ஏணி. கட்டைவிரலை எங்கே வைக்க வேண்டும் என்று பிடித்துக் காட்டினேன். அவளுக்குச் சரியாக ஓட வரவில்லை, சுவரில் முட்டி முட்டி நின்றாள். விளையாடுகிறவர்கள் அவளைச் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு யாரோ விஷயம் சொல்லியிருக்க வேண்டும், சுடுவதை நிறுத்திவிட்டார்கள். இப்போதெல்லாம் அவள் போகும்போது ஒதுங்கி வழிவிடுகிறார்கள். மேல்தளத்தின் விளிம்பில் நின்று என்னைக் கேட்டாள்.

"இங்கேர்ந்து குதிச்சா ஒண்ணும் ஆகாதில்ல?"

"ஆகாது."

"பின்ன அவனுக்கு மட்டும் ஏங்க ஆச்சு?"

கேள்வியை என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, போனைப் பார்த்துக் கேட்டாள். தினமும் சாயங்காலம் அங்கே போய் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். ஒரு நாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், கலங்கரை என் கம்ப்யூட்டரில் இன்னும் இருக்கிறது, ஆள் நடமாட்டம் இருக்காது, அமைதியாக இருக்கும், அங்கே போய் உட்காரலாம் என்று. "அங்க அவன் இல்லையே" என்றாள்.

இப்போது அந்த வார்த்தைக்கு வருகிறேன். "மேஸ்திரியின் கவனக்குறைவே காரணம்" என்று முடித்திருக்கிறீர்கள். அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், வழக்கும் வரும் என்றார்கள். என் வாசலில் வந்து நின்றார். "நீங்கதான சார் நகத்தச் சொன்னீங்க. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார். அவருக்காகத்தான் வந்தேன் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் பெருந்தன்மை. பாவம், நல்ல மனுஷன்தான். ஆனால் இப்படி ஒன்றை அவரால் யோசிக்க முடியுமா? எந்த இடத்தில் ஆள் திரும்பமாட்டான், எதைத் தொட்டாலும் பார்க்கமாட்டான், எந்த உயரத்தில் டிரம் இருந்தால் தரை மறையும், எந்தச் செய்தியில் எந்த வரியை மக்கள் தாண்டிப் போவார்கள், எல்லாம் பார்த்துப் பார்த்து வைத்தது. நான் வைத்தது. அவன் பின்னால் குதிப்பான் என்று தெரிந்து, அங்கே தரை இருக்கும்படி வைத்தேன். என் ஒன்பதாவது மேப் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டில் ஒன்றிலும் நான் எதிர்பார்த்தபடி யாரும் ஓடியதில்லை. இதில்தான் ஓடினான். அதைப் போய்க் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள்.

அவன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருகிற இந்தப் பழக்கத்தின் மேல்தான். யாராவது ஒருவர் அதை உடைத்துக் காட்ட வேண்டியிருந்தது. புது இடம், புது வழி, கொஞ்சம் கண்ணைத் திறந்து பார்ப்பது. என் வாழ்நாள் முழுதும் நான் கேட்டது இவ்வளவுதான்.

இன்று காலை இங்கே கிளம்பும் முன் கலங்கரையைத் திறந்தேன். இனி எப்போது பார்ப்பேனோ தெரியாது. விளக்கு சுற்றியது. கூழாங்கற்கள் உருண்டன. அந்தச் சத்தம் இப்போதும் துல்லியமாக இருக்கிறது. நான் ஒருவன்தான் பாறை மேல் நின்றுகொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கடல் ஏறும்வரைகூட இருக்க முடியவில்லை. ஷூ நனைவதற்குள் மூடிவிட்டேன். நேரம் இருந்தது, அதனால் போனை எடுத்துக் கிடங்குக்குப் போனேன். வழக்கமாக எல்லா நாளும் போகிறதுதான். இரண்டு ஆட்டம் ஆடாவிட்டால் எனக்குக் காலை ஓடாது. ராசிக்கு, போஸ்டரில் இருக்கிற விளக்கில் ஒரு குண்டு. பிறகு டிரம், இடது பக்கம், ஏணி. மேலே நின்று கதவைப் பார்த்துச் சுட்டுக்கொண்டே பின்னால் குதித்தேன்.

திரும்பிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும், மூட்டை அங்கேதான் இருக்கும்.